தட்டினால் நிற்கும் டிராக்டர்

தானாக ஓடும் வண்டிகளை மக்கள் நம்பும்படி செய்வது என் வேலை. வண்டியைச் செய்பவர்கள் வேறு ஆட்கள். அது எப்போது என்ன சொல்ல வேண்டும், எங்கே எந்த விளக்கு எரிய வேண்டும் என்று தீர்மானிப்பவள் நான். டிரெயிலரைத் தானாகப் பின்னுக்கு எடுக்கும் டிராக்டர் ஒன்றை எங்கள் கொழும்பு அலுவலகம் தயாரித்தபோது, நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கத்து ராகலைக்காரி என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பாதையில் வண்டி திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். டிரெயிலரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும். டிராக்டர் ஓட்டும் அண்ணனுக்கோ கழுத்து திரும்பாது, எலும்புத் தேய்மானம். யாராவது கூப்பிட்டால் இடுப்போடு சேர்த்துத்தான் திரும்புவார். பின்னால் பார்க்க முடியாதவரை டிராக்டரில் வைத்திருக்க முடியாது, ஃபெக்டரிக்குள் தூள் சலிக்க அனுப்பிவிடுவேன் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். சோதனை சரிவந்தால் அண்ணன் டிராக்டரிலேயே இருக்கலாம். அதனால் அவர் என்னைக் கடவுளைப் பார்ப்பதுபோல நேராகப் பார்த்தார். வேறு விதமாகப் பார்க்க அவரால் முடியாது என்பதும் உண்மை.

முதல் நாள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தேன். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராகத் திரை, அதில் பச்சைக் கோடு. "வாகனம் பின்னோக்கி நகர்கிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று நிதானமான பெண் குரல். மடுவத்தில் காத்திருந்த பெண்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

"யாருடி இது, மரண அறிவித்தல் வாசிக்கிறா?"

"நமக்குத்தான் வாசிக்கிறா. விலகலன்னா அதுதான்."

அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி அசையவில்லை. காரணம், அவருடைய மச்சான். அந்த வண்டிக்குக் கிளீனர் அவர்தான். எங்கள் பக்கத்தில் பஸ்ஸோ லொறியோ பின்னுக்கு வந்தால், ஒருவர் பின்னால் நின்று தகரத்தில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். கிளீனர் வழக்கம்போல் டிரெயிலருக்கு நேர் பின்னால் நின்று இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஆள் நிற்பதைக் கண்ட வண்டி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, நகர மறுத்தது.

"வரட்டும் வரட்டும்னு கத்துறேன், அசையுதா பாருங்க. அதுக்கு என்மேல நம்பிக்கை இல்லீங்க" என்று என்னிடம் முறையிட்டார்.

"நீங்க பின்னால நிக்கிறதாலதான் வரல. கொஞ்சம் விலகுங்கண்ணே."

அவர் முறைத்துக்கொண்டு மண்மேட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி உடனே நகர்ந்தது. அண்ணன் உடனே பிரேக்கை மிதித்தார்.

"ஏன் மிதிச்சீங்க?"

"தட்டு கேக்கலீங்க."

"முன்னால பச்சை எரியுதே."

"எரியட்டுங்க. தட்டு கேக்கலயே."

கிளீனர் பின்னால் நின்றால் வண்டி போகாது. நிற்காவிட்டால் அண்ணன் போக விடமாட்டார். மத்தியானம்வரை இதேதான். சாக்குக்குள் கொழுந்து சூடேறத் தொடங்கவே, பெண்கள் சாக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு டிராக்டர் நின்ற இடத்துக்கே ஏறி வந்தார்கள்.

"தானா ஓடுற வண்டின்னாங்க. கடைசில நாமதான் தானா ஓடுறோம்" என்றாள் ஒருத்தி.

கழுத்து திரும்பாதவருக்குக் கண்ணெதிரே திரை வைத்தது சரி என்றுதான் நினைத்திருந்தேன். "கழுத்து நல்லா இருந்த காலத்துலயும் மச்சான் பின்னால பாத்ததில்லீங்க" என்றார் கிளீனர். அதன்பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கொழும்புக்குப் பேசினேன். டிரெயிலரின் பக்கத் தகரத்தில் அதிர்வை அறியும் கருவி வேண்டும், வண்டி தட்டுக்குப் போக வேண்டும், தட்டுக்கு நிற்க வேண்டும் என்றேன். "ஆள் தட்டித்தான் போகணும்னா இவ்வளவு நாளா நாங்க என்ன செஞ்சோம்?" என்று கேட்டார் எங்கள் பொறியியலாளர். கேட்டுவிட்டு, கருவியோடு வந்து பொருத்தியும் கொடுத்தார்.

கிளீனர் பக்கவாட்டில் நடந்தபடி இரண்டு தட்டினார், வண்டி போனது. ஒன்று தட்டினார், நின்றது. அந்த மகிழ்ச்சியில் பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தினார். பிறகு பெண்களும் வரிசையாக வந்து தட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க டிராக்டர் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். நான் யாரையும் தடுக்கவில்லை. நிறுத்திப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அதன் பக்கத்திலேயே சாதாரணமாக நிற்கத் தொடங்கினார்கள்.

துரை பார்க்க வந்த நாளில் இரண்டு தட்டுக்கு வண்டி அழகாகப் புறப்பட்டது. பாதி வழியில் திடீரென்று நின்றது. கிளீனர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், தான் தட்டவில்லை என்று.

"ஏன் நின்னது?" என்றார் துரை.

அண்ணன் கைகளைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். "யாரோ தட்டினாங்க தொரை."

"யாரு?"

"தெரியாதுங்க. தட்டினா நிக்கணுங்க."

டிரெயிலரின் மறுபக்கம் கானுக்குள் நின்ற ஒரு பெண், சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்த தன் தேத்தண்ணிப் போத்தலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டியின் கண்ணுக்கு அது படவே இல்லை. அவள் சாவகாசமாக இரண்டு தட்டினாள். டிராக்டர் மடுவத்தில் போய் ஒட்டி நின்றது.

துரையும் தகரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "சரி, இவரே டிராக்டர்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவைத் தாண்டும்வரை கிளீனர் பொறுத்திருந்தார். "பிரேக் இப்ப நம்ம கையில. அப்ப நானும் டிரைவர்தானே மச்சான்?"

"பிரேக்னா பிரேக்காவே இருடா" என்றார் அண்ணன். "டிரைவர் நான்."