அக்காவுக்கு வாங்கிய மடங்காத கத்தி

ஆரஞ்சு நிறக் கைப்பிடி, கறுப்பு உறை. பட்டுச்சேலையும் வெற்றிலையும் பழமும் நிறைந்த தாம்பாளங்களுக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுப் பாயின் மேல் அந்தக் கத்தி கிடந்தது இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்தான். அக்காவின் கல்யாணத்தை அறுத்த தம்பி என்று அக்கரப்பத்தனைப் பக்கம் எனக்கு ஒரு பெயர் உண்டு. திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் அதைக் கிளறாமல் விடமாட்டார். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் கத்தியை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். வைத்தேன்.

அக்கா பள்ளிக்கூடம் முடித்ததும் எல்லாரையும் போலக் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் போனாள். மலை ஏறுவதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். விறகு பொறுக்கப் போகிறேன் என்று கிளம்பி, தோட்டத்தின் எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் போய், சாயங்காலம் கால் நிறைய அட்டைக்கடியோடு திரும்பி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். கொட்டகலைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி ஒன்றில் மலைப்பாதைகளுக்கு வழிகாட்ட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தபோது, யாரிடமும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாஷை தெரியாதே என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கதை சொல்லிச் சிரிக்க வைத்தாள். கொழுந்து பறித்த காலத்தில் யாரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முதுகில் பையோடு அதே மலையில் நடக்க ஆரம்பித்ததும் லயமே அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டது.

ஒருநாள் நல்ல மழையில் அவளோடு வந்த ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. காலை அசையாமல் கட்ட ஒரு கிளையை வெட்டியிருக்கிறாள். கையில் இருந்தது மடக்குக் கத்தி. அழுத்திய அழுத்தில் அது மடங்கி அவளுடைய ஆட்காட்டி விரலிலேயே இறங்கிவிட்டது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்த மனிதருக்கும் கட்டுப்போட்டு இறக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் தையல் போடப் போனாள். போனில் என்னிடம் சொன்னபோது சிரித்தாள். "கத்தி என்னையவே கடிச்சிருச்சுடா தம்பி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு மடங்காத கத்தி ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் அப்போது கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திகளுக்கு நடுவில்தான் நாள் முழுக்க நிற்பேன். இருந்தும் முதலில் தப்பாகத்தான் எடுத்தேன். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கத்தி என்றால் கவ்வாத்துக் கத்திதான் ஞாபகத்துக்கு வரும். தேயிலைச் செடியைத் தறிக்கிற, நீண்டு கனத்த கத்தி. ஆண்களின் கைக்கென்றே செய்தது. பெண்களுக்குக் கொழுந்து, ஆண்களுக்குக் கவ்வாத்து என்று பிரித்துவைத்த இடத்தில் வளர்ந்தவன், கனமாக இருந்தால்தான் நல்ல கத்தி என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. முழங்கை நீளத்தில், முதுகில் ரம்பப் பல் வைத்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அக்காவின் கை ஞாபகம் வந்தது. வீட்டுச் சமையல் கத்தியின் பிடி வழுக்குகிறது என்று அவள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதில் சுற்றி வைத்திருப்பாள். எனக்கு வேண்டியது அந்தப் பிடிதான்.

அதற்குப் பிறகு கடையில் ஒவ்வொரு கத்தியையும் கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரைக்கும் ஒரே துண்டாக ஓட வேண்டும். பாதியில் நின்றால் ஈரத்தில் ஆட்டம் காணும். விரல் முன்னால் வழுக்கிப் போகாமல் ஒரு தடுப்பு வேண்டும். அலகின் நீளம் ஒரு கையகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். கிளையையும் கயிற்றையும் வெட்டுவதற்கு வாள் எதற்கு? தோல் உறை பார்க்க அழகுதான், எங்கள் பக்கத்து மூடுபனியில் ஒரு மாதத்தில் பூசணம் பூத்துவிடும். அதனால் பிளாஸ்டிக் உறை. அதைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன், கத்தி அசையவில்லை. கைப்பிடி ஆரஞ்சு நிறம், தேயிலைக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். முதலாளி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அக்காவுக்கு ஒரு சாரி வாங்கிக் குடுக்கிறத விட்டுட்டுக் கத்தி வாங்குறான் பாரு" என்றார். சாரி வாங்கிக் கொடுக்க ஊரில் ஆள் இருந்தது. அது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

பரிசம் போட லிந்துலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அப்பா கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையோடு அவர்கள் ஏற்கெனவே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சேலை கட்டித் தலை குனிந்திருந்தாள். பையை வைக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்.

"மலை சுத்துற வேலைய விட்டுரணும்னு மாப்பிள்ள அம்மா கேட்டாங்க. அப்பா சரின்னுட்டாரு. அக்காகிட்ட நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. கல்யாணம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்."

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அவளுடைய காலைக் கட்டிப்போட அவளுக்குத் தெரியாமலே பேசி முடித்துவிட்டார்கள். பையின் அடியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்தேன். எங்கள் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். தாம்பாளங்களுக்குப் பக்கத்தில், அக்காவுக்கு எதிரே வைத்தேன்.

"என்ன தம்பி இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அக்காவுக்குங்க. மலைக்குப் போறப்ப வேணும்."

பெரியப்பா பல்லைக் கடித்தார். "பொம்பளப் புள்ளைக்குக் கத்தியாடா? எடுத்து உள்ள வை." அந்த லயத்தில் சோற்றுக்குக் காய் நறுக்குகிற கத்தி எல்லாம் பெண்கள் கையில்தான் இருந்தது, அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அதான் வேலைய விட்டுர்றதா உங்க அப்பா சொல்லிட்டாரே" என்றார் அந்த அம்மா.

அக்கா நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாயின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு அவள் மாப்பிள்ளையிடமே கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?" அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். அவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா பட்டுச்சேலைத் தாம்பாளத்தைத் தாண்டிக் கையை நீட்டிக் கத்தியை எடுத்தாள். உறையிலிருந்து உருவிப் பார்த்தாள், பிடியை ஒருமுறை இறுக்கிப் பார்த்தாள், திரும்ப உறையில் போட்டாள்.

"அந்தக் கத்தி எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஏறாதுங்க. நானும் ஏறல" என்றாள் அக்கா.

வேன் கீழே இறங்கிப் போகிற சத்தம் தேய்ந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள். அம்மா அழுதாள், பெரியப்பா என்னை அடிக்க வந்தார், அப்பா வெளியே போய்விட்டார். வெகுநாள் வரைக்கும் அம்மா என் போனை எடுக்கவே இல்லை. கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று சொன்னேனே என்று லயம் முழுக்க ஞானிகள் முளைத்தார்கள். அறுந்தது எது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் ஒன்றும் அறுந்துவிடவில்லை. அக்காவுக்கும் மலைக்கும் அறுந்துவிடவில்லை. அடுத்த வாரமே அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேறு சம்பந்தம் வந்து கல்யாணமும் ஆகி, தலைநிறையப் பூவோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் தனியாகத்தான் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். இப்போது விடுதிக்காரர்கள் அவளைக் கேட்டுத்தான் பாதையையே முடிவு செய்கிறார்கள். வழிகாட்டிகளை ஏற்றிப்போக வருகிற சிங்கள டிரைவரிடம் அப்பா "மகே துவ" என்று, என் மகள் என்று, கேட்காமலே சொல்லிக்கொள்கிறார். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கு லயத்துப் பெண் ஒருத்தி அவளோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். "அவளுக்கும் அதே மாதிரி ஒண்ணு பாத்து வைடா. கை இன்னும் சின்னது" என்றாள். கடையில் பாதி நாள் நனைந்த கையோடு நின்று, பிடி சிறுத்த ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். பார்க்கட்டும்.