ஐந்தாவது மெஷின்

எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், இது எனக்கு நடந்தது. பேய் என்றாலே நக்கலடித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அந்தப் பேச்சு வந்தால் வாயைத் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் இல்லாத சர்வர் அறையில் நான் மட்டும். நான்கு மெஷின்களைச் சேர்த்து ஒரே சேமிப்புக் கிடங்காக ஆக்க வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றவை தகவலைக் காப்பாற்ற வேண்டும். சோதனைக்குத்தான். ஆனால் திங்கள் காலை அது ஓடாவிட்டால் என் வேலை காலி. மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும் தானாக நிறுவும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. எங்கள் தொழிலில் யாரும் முதலிலிருந்து எழுத மாட்டோம், முன்னவர் எழுதியதைச் சுட்டுக்கொள்வோம். அதில் ஐந்து மெஷின்கள். ஐந்தாவதன் வரியை அழித்துவிட்டு ஓடவிட்டேன்.

மூன்று மணிக்கு முடிந்தது. திரையில்... ஐந்து மெஷின்கள் தயார்.

அழித்தேனே? ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். நான்குதான் இருந்தன. மறுபடி ஓட்டினேன்.

ஐந்து.

மேனேஜருக்கு போன் போட்டேன்.

"சார், அஞ்சாவது மெஷின் எங்க இருக்கு?"

"அத எப்பவோ கழட்டியாச்சே. ஏன்?"

"லைன்ல நிக்குது சார்."

"வெளையாடாதப்பா. காலைல எனக்கு ஓடணும்." வைத்துவிட்டார்.

ஒரு மெஷினைத் தேட எங்களுக்கு ஒரு வழி உண்டு. கட்டளை கொடுத்தால் அதன் முகப்பில் நீல விளக்கு சிமிட்டும். ஐந்தாவதுக்குக் கொடுத்தேன். அறையில் எதுவும் சிமிட்டவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதைக் கோடியில் பழைய சாமான் அறை. அதன் கதவிடுக்கில்... நீல வெளிச்சம்.

உள்ளேயே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் விடவில்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மெஷின். சிமிட்டிக்கொண்டிருந்தது.

குனிந்தேன்.

ஒயர் இல்லை.

டிஸ்க் இல்லை... வெறும் தகரக் கூடு.

'வீய்ய்ய்ங்...'

முதுகுக்குப் பின்னால் சைரன். திரும்பினேன். சர்வர் அறைக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. தீயே இல்லாமல் தீயணைக்கும் வாயு தானாகத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்திருந்தால் கதவைத் தொடுவதற்குள் மூச்சடைத்து ஆள் அவுட்.

நீல விளக்கு அணைந்திருந்தது.

வேலையாவது மண்ணாவது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"அப்பாடா... வெளியதான் இருக்கீங்களா சார்?"

மெஷினைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்கு முன்னாடி இருந்த சார் கடைசியா உள்ள மாட்டிக்கிட்டு இருந்த மெஷின் அது. அன்னைக்கும் ஞாயித்துக்கெழம... இதே வாயுதான். அவர வெளிய கூப்பிட ஆளே இல்ல சார்."