இத்தா வீட்டில் ஓர்கிட்

எத்தாளையில் ஓர்கிட் வளராது என்று ஸும்றாவுக்குச் சொல்லாதவர் இல்லை. உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், உனக்கேன் இந்த வேலை என்று ஊரே ஓதியது. யுத்தம் முடிந்த மறு வருஷம் வைத்த முதல் கன்று செத்ததும் உண்மைதான். ஆனால் அதைக் கொன்றது காற்றில்லை, அவளேதான். கயிறு திரிக்கக் களப்பில் ஊறப்போட்ட தேங்காய்ப் பொச்சுமட்டை மெத்தென்று இருக்கிறதே என்று அதிலேயே கட்டிவைத்தாள். மட்டையில் ஊறிய உப்பு வேரைக் கருக்கிவிட்டது. இந்தக் கரையிலேயே பிறந்தவளுக்கு உப்பு தெரியாமல் போயிற்றே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

விட்டாளா? சிலாபத்தில் பூச்செடி விற்கும் டொறத்தியிடம் இன்னொரு கன்று வாங்கினாள். உள்ளங்கையளவு செடி. ஊறாத மட்டையை மழைத் தண்ணீரில் அலசி அலசிக் கட்டி, முற்றத்து முருங்கையில் தொங்கவிட்டாள். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதற்கென்றே வைத்திருந்தாள். அது மொட்டு வைத்த கிழமைதான் அவள் கணவன் ஃபஸ்லான் மவுத்தானான்.

ஸும்றா வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இத்தா இருந்தாள். ஃபஸ்லானின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள் ஹவ்வா வந்து வீட்டைக் கையில் எடுத்தாள். சமையல், வருவோர் போவோர் எல்லாம் அவள்தான், அதில் குறை சொல்ல முடியாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோதுதான் முகம் கடுகடுத்தது.

“இத்தாவில இரிக்கிற பொம்புளைக்குப் பூ என்னத்துக்கு? சனம் என்ன கதைக்கும்?”

மறுநாள் ஜன்னலால் பார்த்தால் முருங்கையில் செடி இல்லை. வேலியோரக் குப்பையில் கிடந்தது. ஸும்றாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷனுக்கு அழுதது போதாதா, இதற்கும் அழ வேண்டுமா? தலையை இழுத்து மூடிக்கொண்டு பட்டப்பகலில் முற்றத்தில் இறங்கினாள். வேலிக்கு அப்பால் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“என்ன புள்ள செய்றாய்? ஆம்புளையள் நிக்கிறாங்க!” என்று ஹவ்வா பதறினாள்.

“நிக்கட்டும். என்ட வளவுக்குள்ளதான் நடக்கிறன். நான் பூ சூடல்ல மதினி, வளக்கிறன். செடியச் சாகவிடச் சொல்லி எந்தக் கிதாபில இரிக்கி?”

ஸும்றா செடியைப் பீப்பாய்த் தண்ணீரில் கழுவினாள். மொட்டு தப்பியிருந்தது. இம்முறை முருங்கைக்குப் போகவில்லை, தலைவாசல் நிலையிலேயே தொங்கவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மவுத்தானவனுக்காகக் கத்தம் ஓதப் பெண்கள் வந்தபோது ஊதாப் பூ விரிந்திருந்தது. படலைவரை போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தவள் ஹவ்வாதான். வாசலில் தயங்கி நின்றாள்.

“குனிஞ்சு வாங்க மதினி,” என்றாள் உள்ளேயிருந்து ஸும்றா. “பூவில தலை பட்டிரும்.”

ஹவ்வா குனிந்தாள்.