என் பயத்துக்காக அவரு பண்ணின ஜெபம்

ஆண்டவருக்குள்ள அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பேரு எஸ்தர் ராணி. நாகமலை புதுக்கோட்டையில குடியிருக்கேன். ரொம்ப நாளாவே இந்தச் சாட்சியைச் சொல்லணும்னு நினைப்பேன், அப்புறம் உக்காந்துக்கிடுவேன். ஏன்னா, சாட்சி சொல்ல எந்திரிக்கிற அம்புட்டுப் பேரும் ஜெபிச்சோம், சுகமாச்சுன்னுதான் முடிப்பாங்க. என் சாட்சி அப்படி முடியாது. என் வீட்டுக்காரர் பிழைக்கலை. கேன்சர்ல இறந்துட்டாரு. அப்படி இருந்தும் ஜெபத்துக்குப் பதில் கிடைச்சுதுன்னு சொல்றதுக்காகத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

அவரு பேரு தேவராஜ். சொந்தமா ஸ்கூல் வேன் வச்சு ஓட்டினாரு. சமயநல்லூர்ப் பக்கத்துல இருந்து பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வந்து எங்க ஊர்ப் பக்கம் இருக்கிற ஸ்கூல்ல விடுவாரு, சாயந்திரம் திரும்பக் கொண்டுபோய் விடுவாரு. வண்டிக்குள்ள எப்பவும் பாட்டும் சத்தமுமா இருக்கும். வாய் ஓயாத மனுஷன். டீ குடிக்கப் போனா கடைக்காரரோட குடும்பக் கதை முழுசையும் கேட்டுட்டுத்தான் வருவாரு.

ஒரு கிறிஸ்மஸ் சமயம். பாட்டுப் பாடி வீடு வீடாப் போயிட்டு வந்தவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பனியில சுத்துனதுதான்னு கஷாயம் வச்சுக் குடுத்தேன். பொங்கல் முடிஞ்சும் குரல் வரலை. அப்புறம் சோறு முழுங்கினா வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரியில சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. தொண்டையில கேன்சர், கொஞ்சம் முத்திப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. அவருதான் என் தோளைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தாரு. நோய் வந்தவரு என்னைத் தாங்கிக்கிட்டு வாராரு. நான் அப்படிப்பட்ட ஆளு.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எனக்குச் சின்ன வயசுல இருந்தே பயம். நாலு வழிச்சாலையைத் தனியாத் தாண்ட மாட்டேன். பாங்கு, கரண்டு ஆபீஸ், பிள்ளைங்க ஸ்கூல் எதுக்கும் அவரு கூட வந்தாத்தான் போவேன். சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. கல்யாணமாகி இருபது வருஷத்துல நான் தனியா பஸ் ஏறினது கொஞ்சந்தான். அவரு இருக்கும்போது அது ஒரு குறையாவே தெரியலை.

ரேடியேஷன்னு கழுத்துல கரண்டு வச்சாங்க. மருந்து ஏத்தினாங்க. கழுத்துத் தோலெல்லாம் கருத்துப் போச்சு. சபை மொத்தமும் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணுச்சு. சித்திரை மாசம் ஒருநாள் அரை இட்லியைக் குழைச்சு, வலியில்லாம முழுங்கினாரு. நாங்க அதையே சுகம்னு நினைச்சு, ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஜெபம் வச்சோம். ஆடி மாசம் திரும்ப வந்துருச்சு. இந்தத் தடவை மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் பாலும் கஞ்சியும் குடுத்தாங்க. குரல் சுத்தமாப் போச்சு. காதை வாய்க்கிட்ட வச்சாத்தான் காத்து மாதிரி ஏதோ கேக்கும்.

ஒரு மத்தியானம் அவருக்கு டியூப்ல கஞ்சி குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து சத்தமா ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, எம் புருஷனை எனக்குத் திருப்பிக் குடும்னு அழுதேன். முடிச்சுட்டு, நீங்களும் உங்க சுகத்துக்காக ஜெபிங்கன்னு சொன்னேன். அவரு கையை அசைச்சுப் பக்கத்துல கூப்பிட்டாரு. நான் குனிஞ்சேன்.

"அதை நீங்க எல்லாரும் கேக்குறீங்கள்ல. நான் வேற கேக்குறேன்."

என்னன்னு கேட்டேன்.

"நீ பயப்படாம இருக்கணும். அதுதான் தினமும்."

அம்புட்டுத்தான் சொன்னாரு. அதுக்கே மூச்சு வாங்குச்சு. எனக்கு அப்போ கோவம்தான் வந்துச்சு. போறதுக்குத் தயாராயிட்டாரே, எங்களுக்காகப் போராட மாட்டேங்கிறாரேன்னு கோவம். முகத்தைத் திருப்பிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

ஐப்பசி மாசம் ஒரு காலை நேரம், வெளிய மழை தூறிக்கிட்டு இருக்கும்போது அவரு ஆண்டவர்கிட்ட போயிட்டாரு. மகன் சாமுவேல் பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷம். மக பிரிசில்லா எட்டாவது. கல்லறைக்கு அவரோட வேன்ல வந்த பிள்ளைங்க யூனிபார்மோட வந்து நின்னாங்க.

துக்கம் கேக்க வந்த ஒரு அம்மா, இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தா ஆண்டவர் எழுப்பிவிட்டிருப்பாருன்னு சொல்லிட்டுப் போனாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லலைன்னு இப்போ தெரியுது. ஆனா அன்னைக்கு அந்த வார்த்தை உள்ள போய்த் தங்கிருச்சு. நான் சரியா ஜெபிக்கலையா? அவரு சாவுக்கு நான்தான் காரணமா? வேதத்தை மூடி வச்சவ திறக்கவே இல்லை. எங்க பாஸ்டர் வந்தாரு. ஏன் பாஸ்டர் இப்படி நடந்துச்சுன்னு கேட்டேன். அவரு எனக்கு எதுத்தாப்புல தரையில உக்காந்தாரு.

"எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய். உங்ககூட உக்காந்திருக்கத்தான் வந்தேன்."

ஜெபம் கூடப் பண்ணாம, குடுத்த காப்பியைக் குடிச்சுட்டு, சாயந்திரம் வரைக்கும் இருந்துட்டுப் போனாரு. எனக்கு அன்னைக்குத்தான் மூச்சு விட முடிஞ்ச மாதிரி இருந்துச்சு.

வீட்டுல அவரு பேரை யாரும் எடுக்க மாட்டோம். நான் அழுவேன்னு பிள்ளைங்க பேச மாட்டாங்க. பிள்ளைங்க ஏங்கிப் போகும்னு நான் பேச மாட்டேன். மூணு பேரும் தட்டைப் பாத்துச் சாப்பிட்டு எந்திரிப்போம்.

வேன் மட்டும் நிக்கலை. அதுக்குக் காரணம் காதர் பாய். கோரிப்பாளையத்துல மெக்கானிக் கடை வச்சிருக்காரு. எங்க வண்டிக்கு எல்லா வேலையும் அவருதான் பாப்பாரு. அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பல வருஷப் பழக்கம். நோய் வந்த நாள்ல இருந்து காலையிலும் சாயந்திரமும் கடையை மூடிட்டு வந்து, வேனை அவரே ஓட்டினாரு. ஒருநாள் சங்கடப்பட்டுக்கிட்டே சொன்னாரு: கடை வேலை தேங்கிப்போச்சு, இந்த வருஷப் பரீட்சை வரைக்கும் ஓட்டுறேன், அதுக்குள்ள ஒரு ஆளைப் பாருங்கன்னு. அவரைக் குறை சொல்ல முடியுமா?

இதை வீட்டுல சொன்ன உடனே சாமுவேல், நான் படிப்பை நிறுத்திட்டு வேன் ஓட்டுறேன்னுட்டான். அவனோட பெரியப்பாவும் அதுதான் சரின்னாரு. மகன் முடிவு பண்ணிட்டான். மெசின் வேலைன்னா உசுரா இருக்கிற பிள்ளை. அவங்க அப்பா அம்புட்டு வலியிலயும் அவன் பரீட்சையைப் பத்தித்தான் கேப்பாரு.

மறுநாள் பிள்ளைங்க போன பிறகு அடுப்படியில உக்காந்தேன். மாசக்கணக்குல ஜெபிக்காதவ அன்னைக்குத்தான் வாயைத் திறந்தேன். நல்ல வார்த்தையெல்லாம் வரலை. ஆண்டவரே, அவரைக் கேட்டேன், குடுக்கலை. இப்போ எம் மகன் படிப்பைக் கேக்குறேன். இதையும் எடுத்துக்கிடாதீங்கன்னு சொன்னேன். சண்டை போடுற மாதிரித்தான் சொன்னேன்.

சத்தம் எதுவும் கேக்கலை. தரிசனம் எதுவும் வரலை. அங்கயே உக்காந்திருந்தப்போ, நான் பயப்படாம இருக்கணும்னு என் வீட்டுக்காரர் காத்து மாதிரிச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்துச்சு. தினமும் இதைத்தானே கேட்டாரு மனுஷன். ஆண்டவர் அதைக் கேக்காமலா இருந்திருப்பாரு? சாயந்திரம் காதர் பாய் வேனைக் கொண்டாந்து விட்டப்போ வாசல்ல நின்னு கேட்டேன்.

"அண்ணே, எனக்கு ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?"

அவரு சிரிக்கலை. சாவியை என்கிட்ட நீட்டினாரு.

"நாளைக்கு வாங்க தங்கச்சி. ஆனா பயமா இருக்குன்னு பாதியில இறங்கக் கூடாது."

பயமா இருக்கும்ணே, ஆனா இறங்க மாட்டேன்னேன்.

காலையில அவரு ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து பிள்ளைங்களை ஏத்தி இறக்கினேன். தண்ணியில்லாத கண்மாய்க்குள்ள வண்டியை விட்டுப் பழக்கினாரு. கிளட்ச்சை விட்டா வண்டி தவ்வும், நின்னு போகும். வியர்வையில சேலை நனைஞ்சிரும். டிரைவிங் ஸ்கூல்லயும் சேந்தேன். என் வீட்டுக்காரரோட அண்ணன் வந்து, பொம்பள வேன் ஓட்டினா ஊரு என்ன பேசும்னு சத்தம் போட்டாரு. சாமுவேல்தான், அம்மா கத்துக்கிட்டு இருக்காங்க பெரியப்பா, நான் காலேஜுக்குப் போறேன்னு சொன்னான். அவன் வாயால அதைக் கேட்டப்போ நான் உள்ள போய் அழுதேன்.

லைசென்ஸ் வாங்க முதல் தடவை போய்த் தோத்தேன். ரெண்டாவது தடவை வாங்கினேன். ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துறதுக்கான பேட்ஜ் கைக்கு வர்ற வரைக்கும், தான் சொன்ன தவணை தாண்டியும், காதர் பாய் ஓட்டினாரு. ஆண்டவர் உதவியை யார் கையில குடுத்து அனுப்புவாருன்னு நாம சொல்ல முடியாது.

நான் தனியா ஓட்ட ஆரம்பிச்ச வருஷம் மழைக்காலத்துல ஒருநாள். ஸ்கூல் விடும்போதே மழை கொட்டுச்சு. வண்டி நிறையப் பிள்ளைங்க, எம் மக பிரிசில்லாவும் துணைக்கு ஏறியிருந்தா. சமயநல்லூர் போற வழியில ரயில் பாலத்துக்கு அடியில ரோடு இறங்கி ஏறும். அங்க போய்ப் பாத்தா தண்ணி கட்டிக் கெடக்கு. எம்புட்டு ஆழம்னு தெரியலை. எனக்குப் பயம் வந்துருச்சு. பின்னாடி ஒரு கார்க்காரர் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. இறங்கி வந்து, முழங்கால் தண்ணிதான், போம்மா, ஓட்டத் தெரியலைன்னா எதுக்கு வண்டிங்கிறாரு. பிரிசில்லா என் முகத்தையே பாக்குறா. ஆண்டவரேன்னு ஒரு வார்த்தைதான் வந்துச்சு. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டேன்.

"போக மாட்டேன்ணே. நீங்க போறதுன்னா போங்க."

அந்தக் கார்க்காரர் என் வண்டியை வளைச்சுக்கிட்டு உள்ள விட்டாரு. பாலத்துக்கு நடுவுல வண்டி நின்னு போச்சு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே தண்ணி கதவுக்கு மேல ஏறுச்சு. டீக்கடையில நின்ன ஆளுங்க கயிறு கட்டி இறங்கி, நெஞ்சளவு தண்ணியில அவரை ஜன்னல் வழியா இழுத்துக் கரை சேத்தாங்க. ஆண்டவர் கிருபை, உசுருக்கு ஒண்ணும் இல்லை. நான் என் வண்டியில இருந்த பிள்ளைங்களைத் திரும்பிப் பாத்தேன்.

பிள்ளைங்க அழ ஆரம்பிச்சாங்க. பிரிசில்லா எந்திரிச்சு நின்னு அவங்க அப்பா மாதிரியே இடுப்புல கை வச்சு, "யாருப்பா அது ஊதுறது? ஆரன் வேலை செய்யுது, நீங்க ஊத வேணாம்"னா. வண்டியில எந்தப் பிள்ளை அழுதாலும் அவரு வழக்கமாச் சொல்றது அது. பழைய பிள்ளைங்க சிரிச்சுருச்சுங்க. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி ஓட. அவரு போன பிறகு எங்க வாயில அவரோட பேச்சு வந்தது அன்னைக்குத்தான்.

வண்டியைத் திருப்பி, சுத்திக்கிட்டு நாலு வழிச்சாலைக்குப் போனேன். எந்த ரோட்டைத் தாண்டப் பயந்தேனோ அதே ரோட்டுல, கொட்டுற மழையில, லாரிக்கு நடுவுல ஓட்டிக்கிட்டுப் போனேன். பயம் போச்சான்னு கேட்டீங்கன்னா, போகலை. ஆனா அந்தப் பயம் என்னைப் பிடிச்சு நிறுத்தலை. பாலத்துக்கிட்ட அதே பயந்தான் எங்களைக் காப்பாத்துச்சு. அவரு கேட்டதுக்கு ஆண்டவர் குடுத்த பதில் இதுதான்னு எனக்கு அப்போ புரிஞ்சுச்சு.

பெத்தவங்க குடையோட ரோட்டுல நின்னாங்க. பாலத்துல கார் மாட்டின சேதி அதுக்குள்ள வந்திருச்சு. ஒரு அம்மா பிள்ளையை வாங்கிக்கிட்டு என் கையை அழுத்திப் பிடிச்சாங்க. "நாளைக்கு எப்பவும் போல வந்திருங்கக்கா"ன்னாங்க.

இப்போ சாமுவேல் படிப்பை முடிச்சு, வேலையில இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வரும்போது மூணு பேரும் ரோட்டோர வண்டியில பருத்திப்பால் குடிப்போம். என் வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடிக்கும். அங்க நின்னு அவரைப் பத்தித்தான் பேசுவோம். அவரு சொன்ன பொய்க்கதை, எனக்குத் தெரியாம பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுத்தது எல்லாம் இப்போத்தான் வெளிய வருது. சில வாரம் அழுவோம். அழுதாலும் பேச்சை நிறுத்துறதில்லை.

இதைக் கேக்குறவங்கள்ல நோயாளியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஜெபிக்கிறவங்க இருப்பீங்க. சுகத்தைக் கேளுங்க, கூச்சப்படாமக் கேளுங்க. ஆண்டவர் சுகம் குடுத்தா உங்களோட சேந்து நானும் துதிப்பேன். குடுக்கலைன்னா, உங்க விசுவாசம் குறைஞ்சதாலன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. நீங்க கேட்டது போக, உங்களுக்காக வேற யாரோ என்ன கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. அதுக்கும் ஆண்டவர் பதில் குடுக்குறாரு. கொஞ்சம் காத்திருந்து பாருங்க.

ஆஸ்பத்திரிக்குப் போகத் துணை இல்லாதவங்க இருந்தா கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட சொல்லுங்க. பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு, சாயந்திரம் வரைக்கும் நான் சும்மாத்தான் இருக்கேன். வேனை எடுத்துக்கிட்டு வாரேன்.