இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்பிய துண்டு

கனடாவின் மொன்றியல் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெராட்டை, ஒரு கோடையில் துவக்கால் குறிபார்த்துச் சுடப் பழகும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். குறியாக நான் கொண்டுபோனது, வேலையிடத்தில் கழித்துவிட்ட குழிவிழுந்த இரும்புத் தகடு. பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதை அவனிடம் நீட்டினேன்.

"ஊர்ச் சண்டையில ஷெல்லடிக்குள்ளையே தப்பி வந்தனாங்கள், அண்ணை. சுடுறது நீங்கள்தானே, நீங்களே போடுங்கோ," என்றான்.

நானும் சிரித்துக்கொண்டு போட்டேன். மூன்றாவது வெடியில் துவக்கின் ரவைக் குண்டு தகட்டுக் குழியில் பட்டுச் சிதறியது. ஒரு துண்டு திரும்பி வந்து, பின்னால் நின்ற ஜெராட்டின் இடக்கண்ணில் ஏறியது. அந்தக் கண்ணில் பார்வை வரவேயில்லை.

அதன்பிறகு நான் துவக்கைத் தொட்டதில்லை. அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது தெருவில் அவனுக்கு இடப்பக்கமாகவே நடக்கிறேன். அந்தப் பக்கம் வரும் வாகனம் அவனுக்குத் தெரியாது.