வெட்டிவிட்ட பச்சை ஒயர்

அந்தச் செட்டுக்காரரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாதி பயம், பாதி ஆத்திரம்.

லுக்குட் பக்கம் எங்கள் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி செட் போடுபவர் அவர்தான். என் மகள் ரஹாங் டவுனில் பியானோ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கி வைத்திருந்தோம். முதல்முறை அவள் திருவிழாவில் வாசித்தபோது, பியானோவின் ஒயரை மைக் சொருகும் இடத்தில் சொருகி, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் விட்டார் அவர். தகரத்தைத் தட்டியதுபோல் கேட்டது. “ஐஸ்கிரீம் மோட்டார் வந்திருச்சு” என்று, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஐஸ்கிரீம் வண்டியைச் சொல்லிப் பையன்கள் கத்தினார்கள். அந்த வருடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். இன்னொரு தடவை இப்படிக் கேட்டால் பியானோவைத் தொடவே மாட்டேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் அடுத்த திருவிழாவன்று காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டேன். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுப்பவள். பியானோவுக்குக் குழாய் வேண்டாம், மேடைக்கு இருபுறமும் பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள், ஒயரை மைக்கில் சொருகாமல் லைன் என்று எழுதியிருக்கும் இடத்தில் சொருகுங்கள், பியானோவில் சத்தத்தைக் கூட்டி ஆம்ப்ளிஃபயரில் குறையுங்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“பொட்டி ஸ்பீக்கர் கோயிலத் தாண்டாது. லயத்து வீடுகள்ல உள்ளவங்களுக்கு எப்படிக் கேக்கும்? டீச்சர் ஸ்கூல்ல பாடம் நடத்துங்க லா. செட்ட நான் பாத்துக்கறேன்.”

கோயில் தலைவர் தலையிட்ட பிறகுதான் பெட்டிகள் வந்தன. சத்தம் தெளிந்தது. ஆனால் கூடவே ஓர் இரைச்சல், வண்டுக் கூட்டம்போல. ஆம்ப்ளிஃபயருக்கு அவர் லோரியிலிருந்த ஜெனரேட்டர், பியானோவுக்குக் கோயில் கரண்ட். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள், இரைச்சல் போய்விடும் என்றேன். பிள்ளைகள் விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் தன் ஜெனரேட்டர் இல்லை என்றார். மகளைக் கிளப்ப வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது இரைச்சல் இல்லை. மகள் தட்டிப் பார்த்த கீழ்ஸ்தாயிச் சுரங்கள்கூட உருண்டையாகக் கேட்டன. நல்லா இருக்குண்ணே என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் டேப்புச் சுருளைப் பையில் போட்டு மூடினார்.

கோயில் என்பதால் அவளும் வெறுங்கால்தான். அபிஷேகம் முடிந்து கழுவிவிட்ட சிமெண்டுத் தரை இன்னும் காயவில்லை. முதல் பாட்டை வாசித்து முடித்தாள். வேலியில் உட்கார்ந்திருந்த பையன்கள் வாயைத் திறக்கவில்லை. நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டைச் சொல்ல அவள் மைக் பக்கம் குனிந்தாள். உதடு பட்டிருக்க வேண்டும். தலை வெடுக்கென்று பின்னால் போனது, நாற்காலியோடு விழுந்தாள்.

ஓடிப்போய் இருந்த பிளக்கையெல்லாம் பிடுங்கினேன். கையில் வந்த பிறகுதான் பார்த்தேன். பியானோவின் பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கிலும் பச்சை ஒயரை மட்டும் வெளியே இழுத்து, வெட்டி, டேப் சுற்றியிருந்தார். கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் எர்த் ஒயர். அது போனதால் இரைச்சல் போனது. அது போனதால்தான் கரண்ட் மைக் வழியாக என் மகளுக்குள் இறங்கியது.

“எரைச்சல் போவணும்னு நீங்கதான கேட்டீங்க? எல்லாக் கோயில்லயும் இப்படித்தான் செய்றோம். சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான் லா. யாரும் சாவல.”

பிளக்கை அவர் மேல் எறிந்தேனாம். எனக்கு நினைவில்லை. சாமி காரியம் கெடக் கூடாது டீச்சர் என்று தலைவர் என்னைத்தான் அடக்கினார்.

மகள் எழுந்து நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். உதட்டில் வெள்ளையாகக் கொப்புளம். பிளக்கைச் சொருகச் சொன்னாள். முடியாது என்றேன்.

“நல்லாத்தானம்மா கேட்டுச்சு? ஒருத்தனும் சிரிக்கல. ஏன் புடுங்குனீங்க?”

“செத்திருப்படி.”

“சிலிப்பர் போட்டுக்கிட்டு வாசிக்கறேன்.”

கோயிலுக்குள் செருப்பா என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். பெண்ணுக்குக் கரண்ட் அடித்ததற்கு அந்த முணுமுணுப்புகூட வரவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசிப்பதை அவள் விடவில்லை. ஆனால் ஹெட்போனைப் போட்டுக்கொள்கிறாள், எனக்கு ஒரு சுரமும் கிடையாது. கட்டைகள் மொத்துமொத்தென்று விழும் ஓசை மட்டும் அடுப்படிவரை வருகிறது. அது நின்றால் நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

“இருக்கேன், போங்க” என்கிறாள்.