பல் டாக்டரம்மாவின் கோடை விடுமுறை

இடது கையைத் தொடைக்கடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பியானோவில் ஒரே ஒரு வரியை வாசித்துக்கொண்டிருக்கிறார் டாக்டரம்மா. காலைச் சிற்றுண்டிக்கு முன்பே ஆரம்பித்தது. பக்கத்து அறையில் நான் என் பாடம் முழுவதையும் முடித்து, காபியும் குடித்துவிட்டு வந்தால், இன்னும் அதே வரிதான். கேட்கிற நமக்குப் பைத்தியம் பிடிக்கும். அவர் முகத்தில் சலிப்பே கிடையாது.

"எங்க வலிக்குதோ அங்கதானே பார்க்கணும்? நல்ல பல்லையே தட்டிக்கிட்டிருந்தா எப்படி?" என்பார்.

பல் வைத்தியர். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். நன்றாகத் தேறிய மாணவர்களுக்கென்றே நடக்கும் இந்தக் கோடைப் பியானோ முகாமில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வந்திருக்கும் நாங்களெல்லாம் அவருக்குப் பிள்ளை வயது. கிளினிக்கை ஒரு மாதம் பூட்டிவிட்டு வந்தவர், விடுதியில் என் அறையின் மேல் கட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். "சின்ன வயசுல எங்கண்ணன் மேல படுக்க விடவே இல்லடி." வந்த அன்றே எல்லோருக்கும் 'பல்லக்கா' ஆகிவிட்டார். யாராவது கொட்டாவி விட்டால் போதும், எட்டிப் பார்த்துவிடுவார். "கடைவாயில ஒண்ணு போயிடுச்சே தம்பி!" என்று சொல்லி ஒருவனின் மதியச் சாப்பாட்டையே கெடுத்திருக்கிறார்.

எங்கள் ஆசிரியர் பொல்லாதவர். அவர் வாயால் 'பரவாயில்லை' என்று கேட்டவர்கூடக் கிடையாது. "வாசிக்கிறீங்களா, டைப் அடிக்கிறீங்களா?" என்று வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் டாக்டரம்மாவைக் கேட்டார். நானாயிருந்தால் அழுதிருப்பேன். "டைப்தான் சார் அடிக்கிறேன். எந்த இடத்துலன்னு காட்டுங்க, சரி பண்ணிடறேன்" என்றார் இவர். மறுநாள் அந்த இடம் சரியாகவே இருந்தது. அடேயப்பா, என்ன மனுஷி!

வகுப்பில் எப்படியோ சமாளித்துவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கம் என்றால்தான் கை நடுங்கிவிடும். "அடுத்தவங்க வாய்க்குள்ள ஊசி போடறப்போ ஆடாத கை, இந்தப் பியானோக் கட்டையைப் பார்த்தா மட்டும் ஏன்டி இப்படி ஆடுது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? போன வருட முகாமின் நிறைவுநாள் கச்சேரியில் பாதியிலேயே எழுந்து போய்விட்டாராம். "இந்தத் தடவையும் எழுந்து போனேன்னா, வீட்டுல இருக்கிற பியானோவை யாருக்காவது கொடுத்துடுவேன். அவ்வளவுதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நிறைவுநாளில் அவருடைய கணவர் வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ வாசிக்கிறதைவிட, நான் இங்க உட்கார்ந்திருக்கிறதுதான் கஷ்டம்மா" என்றார் மெதுவாக.

டாக்டரம்மா வந்தார், வணங்கினார், ஆரம்பித்தார். முதல் பக்கம் அழகாகத்தான் போயிற்று. அப்புறம் நடுக்கம் வந்துவிட்டது. எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. ஒரு கட்டை தவறியது. உடனே இன்னொன்று. வாசிப்பு நின்றது. அரங்கில் யாரோ இருமினார்கள்.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்தவர் குனிந்தார். நடுங்குகிற அந்தக் கைகளாலேயே ஸ்டூலைப் பிடித்து, பியானோவுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.